'பல அணிகளில் ஒன்று' அல்ல, 30-இல் ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த மாதத் தொடக்கத்தில், 2026-இல் எதிர்பார்க்க வேண்டிய போட்டிகள் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு தொகுப்பு வந்தது. அதன் கடைசியில் அமெரிக்க பேஸ்பாலுக்கும் இரண்டு வரி ஒதுக்கியிருந்தீர்கள். எங்கள் ஊர் அணியான சியாட்டில் மரினர்ஸ் பற்றிய வரி அது. படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. ஆண்டின் சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் ஆடாத "பல அணிகளில் ஒன்று" என்று போட்டிருந்தீர்கள். பல அணிகள் இல்லை. பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் 30 அணிகள். 29 அணிகள் ஒரு தடவையாவது அந்தத் தொடரில் ஆடிவிட்டன. ஆடாதது ஒன்றே ஒன்று, எங்கள் அணி. 1977-இல் மரினர்ஸ் பிறந்த அதே ஆண்டில்தான் டொராண்டோ புளூ ஜேஸும் பிறந்தது. அவர்கள் 1992, 1993 இரண்டு ஆண்டும் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். நாங்கள் இன்னும் வாசற்படியில் நிற்கிறோம்.

சின்னப் பிழைதானே, இதற்கு ஒரு கடிதமா என்று தோன்றலாம். இங்கே இருக்கும் ரசிகர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி 2001 கோடையில் இங்கே வந்தேன். இருபத்து நான்கு வருடம் ஓடிவிட்டது. சியாட்டிலுக்குத் தெற்கே ரென்டனில் குடியிருக்கிறோம். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் மதியம் ஒன்றரைக்கு வெளியே வருவேன். பேருந்தில் வரும்போது போனில் தங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிடுவேன்.

நான் வந்த ஆண்டு மரினர்ஸ் 116 ஆட்டங்களில் ஜெயித்தார்கள். 1906-இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனையை அப்போதுதான் எட்டிப் பிடித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோவுக்கு அது முதல் சீசன். பந்தைத் தட்டிவிட்டு அவர் முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய நான்கு முனைகளில் முதலாவது) ஓடுகிற வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டமே பிடித்தது. ஊருக்குப் புதிதாக வந்தவள், இவர்கள் எப்போதும் இப்படித்தான் ஜெயிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த அக்டோபரில் யாங்கீஸிடம் தோற்றார்கள். அப்புறம் 2002 முதல் 2021 வரை இருபது சீசன்கள், சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. என் மகன் பிறந்தது 2003-இல். தன் ஊர் அணி பிளேஆஃப் ஆடுவதை முதன்முதலாக அவன் பார்த்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. 2022 செப்டம்பர் 30 இரவு, ஒன்பதாவது இன்னிங்ஸில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய கேல் ராலி, பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன் அடித்து அந்த வறட்சியை முடித்தார். வீட்டு வாசலில் நின்று பையன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விளக்குகள் எரிந்தன.

எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 84. 1977 ஏப்ரல் 6-ஆம் தேதி நடந்த மரினர்ஸின் முதல் ஆட்டத்தையே கிங்டோம் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர். அன்றைக்கு 7-0 என்று தோற்றது. அன்று முதல் தான் பார்த்த, வானொலியில் கேட்ட ஆட்டங்களை நோட்டில் குறித்துவைக்கிறார். பேஸ்பாலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பந்துவீசுகிற பிட்சர் 1, பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, இப்படியே 9 வரை. யாரிடமிருந்து யாருக்குப் பந்து போய் அவுட் ஆனது என்பதை அந்த எண்களால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எழுதிவிடலாம். அவர் கை இப்போது நடுங்குகிறது. ஆனாலும் எண்கள் கட்டத்தை விட்டு வெளியே வராது. காலை உணவுத் தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது எனக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கடந்த அக்டோபர் 20, திங்கட்கிழமை. மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், டொராண்டோவில். ஜெயித்தால் வேர்ல்ட் சீரிஸ். என் வேலை மதியமே முடிந்துவிட்டது, ஆனால் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. இல்லத்தின் டிவி கூடத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜூலியோ ரோட்ரிகஸ் ஒரு ஹோம் ரன், ராலி ஒரு ஹோம் ரன். 3-1 என்று நாங்கள் முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் பிட்சர் பிரையன் வூ ஒருவருக்கு வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் வாய்ப்பு) கொடுத்தார், அடுத்தவர் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு வந்தார், ஹிமெனெஸ் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட்டாகி, இருவரையும் ஒரு பேஸ் முன்னே நகர்த்தினார். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் போதும். வூவை எடுத்துவிட்டு எடுவார்ட் பசார்டோவைக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் போனது. பேஸில் நின்ற இருவரோடு அவரும் வர மூன்று ரன், டொராண்டோவுக்கு 4-3. அப்படியே முடிந்தது.

பெரியவரின் நோட்டில் அந்தப் பக்கத்தை நேற்றும் பார்த்தேன். ஹிமெனெஸின் கட்டம் வரை எல்லாம் எழுதியிருக்கிறது. ஸ்பிரிங்கரின் கட்டம் காலி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நாற்பத்தெட்டு வருடப் பழக்கத்தில் அவர் பாதியில் நிறுத்திய ஆட்டம் அது ஒன்றுதான் என்றார். எழுதி முடியுங்கள் என்று நான் சொல்லவில்லை.

இப்போது ஜனவரி. ரசிகர்களுக்கு இது பேச்சு மாதம். காலை ஒன்பதரைக்கு எங்களுக்குக் கால் மணி நேர இடைவேளை. சமையலறைப் பின்வாசலில் காபியோடு நாலு பேர் கூடினால் வேறு பேச்சு கிடையாது. தலைமைச் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். என்னை 'ஆட்டே' என்பார், அவர்கள் மொழியில் அக்கா. "ஆட்டே, வில்சன் செய்தது சரிதான்" என்று ஆரம்பிப்பார். மேலாளர் டான் வில்சன், கடைசி இன்னிங்ஸ்களுக்கு என்று வைத்திருக்கும் ஆண்ட்ரெஸ் முன்யோஸை அந்த நேரத்தில் இறக்கவில்லை. பசார்டோ தொடர் முழுக்க நன்றாக வீசியவர், அதனால் அவரை நம்பியது தப்பில்லை என்பது அவர் கட்சி.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி சொல்கிறேன். பும்ராவின் ஓவரை 20-ஆவது ஓவருக்கென்று பத்திரப்படுத்தி வைக்கிறீர்கள், ஆட்டம் 17-ஆவது ஓவரிலேயே கைநழுவுகிறது. வைத்த ஓவரை என்ன செய்வீர்கள்? அன்று ஆட்டத்தின் உயிர் ஏழாவது இன்னிங்ஸில் இருந்தது. அணியிலேயே சிறந்த கை அங்கே வந்திருக்க வேண்டும். வில்சன் நல்ல மனிதர், பல ஆண்டுகள் எங்கள் அணிக்கே கேட்சராக ஆடியவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த முடிவு தவறு, அவ்வளவுதான்.

சரி, இந்த ஆண்டு எப்படி? நான் நம்புகிறேன், காரணத்தோடுதான் நம்புகிறேன். டிசம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியிடமிருந்து ஹோசே ஃபெரர் என்ற இடக்கைப் பிட்சரை வாங்கினார்கள். நல்ல வேகம். பதிலுக்கு ஹாரி ஃபோர்ட் என்ற இளம் கேட்சரைக் கொடுத்தார்கள். நம் தலைமைச் சமையல்காரருக்கு இது தாங்க முடியவில்லை, "வளர்த்த பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள்" என்கிறார். ராலி இருக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு இங்கே எங்கே இடம்? நான் பெரியவரின் நோட்டைத் திறந்து காட்டினேன். டொராண்டோவின் அந்த ஏழாவது இன்னிங்ஸில் வாக் வாங்கிய பார்ஜர் இடக்கை ஆட்டக்காரர். ஹிமெனெஸும் இடக்கை. இடக்கைக்காரருக்கு இடக்கைப் பிட்சரின் பந்தை அடிப்பது பொதுவாகக் கடினம். களைத்துப்போன வூவை, அவர் வீசும் மூன்றாவது இன்னிங்ஸாக அந்த ஏழாவதுக்கும் அனுப்பாமல், நம்பி நிறுத்த இன்னொரு நல்ல இடக்கை இருந்திருந்தால் ஸ்பிரிங்கர் வந்தபோது பேஸில் ஆளே இருந்திருக்காது. வந்திருக்கும் ஆட்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபெரரின் வரவுதான்.

ஜாஷ் நேலரை ஐந்தாண்டுக்கு 9.25 கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்ததும் நல்ல வேலை. முதல் பேஸ்காரர். கனத்த உடம்பு, ஓட்டத்தில் மெதுவானவர். அப்படிப்பட்டவர் கடந்த சீசனில் 30 முறை பேஸ் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். சியாட்டிலுக்கு வந்த பிறகு முயன்றது 19, கிடைத்தது 19. செப்டம்பரில் மகன் டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போனான். முதல் பேஸுக்கு மேலே உட்கார்ந்திருந்தோம். நேலர் பேஸை விட்டு இரண்டு எட்டு தள்ளி நின்று, பந்தைப் பார்க்காமல் பிட்சரின் முன்கால் குதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குதி தூக்கும் முன்பே கிளம்பிவிட்டார். வேகம் இல்லாதவன் கண்ணால் ஓடுகிறான் என்று மகன் சொன்னான்.

கவலையும் இருக்கிறது, மறைக்கவில்லை. அக்டோபர் 10 இரவு, டெட்ராய்ட்டுக்கு எதிரான 15 இன்னிங்ஸ் ஆட்டத்தை முடித்துவைத்த ஹோர்ஹே பொலாங்கோ நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். டொராண்டோ தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் மூன்று பேஸும் நிரம்பியிருக்க ஹோம் ரன் அடித்த சுவாரஸ், நான் இதை எழுதும்வரை எந்த அணியிலும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ் இரண்டும் கேள்விக்குறி. கோல் யங்கும், இன்னும் மேஜர் லீக் பார்க்காத கோல்ட் எமர்சனும் சின்னப் பையன்கள். அவர்களை நம்பலாம், ஆனால் அவர்களை மட்டும் நம்பிப் பயணம் போக முடியாது. அனுபவமுள்ள ஒருவரைப் பிப்ரவரிக்குள் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் ராலி. கடந்த சீசனில் 60 ஹோம் ரன். ஒரு கேட்சர் அதற்கு முன் அடித்த அதிகபட்சம் 48. கென் கிரிஃபி ஜூனியரின் 56-தான் எங்கள் அணியின் சாதனையாக இருந்தது, அதையும் தாண்டினார். 162 ஆட்டங்களில் 159 ஆடினார். கேட்சராக நிற்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளுக்கு உட்கார்ந்து எழுகிற வேலை அது. எனக்கு முட்டி வலி உண்டு, அதனால் அந்த வேலையின் அருமை தெரியும். மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் அமெரிக்காவுக்கும் ஆடப்போகிறார். இந்த ஆண்டும் 60 வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. 40 அடித்து அக்டோபரில் நிமிர்ந்து நின்றால் போதும். பிட்சர்கள் விஷயமும் அப்படித்தான். காஸ்டியோ, கில்பர்ட், கிர்பி, வூ, மில்லர் ஐவரும் சேர்ந்து நன்றாக இருந்தால் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சென்ற ஆண்டு காஸ்டியோ தவிர மற்ற நால்வருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் தோளோ முழங்கையோ நெஞ்சுத் தசையோ இடறியது. எங்கள் பிரிவிலேயே ஆடும் ஹூஸ்டன் 87 ஆட்டம் ஜெயித்தும் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். 90 வெற்றியோடு பிரிவை ஜெயித்த நாங்கள் அதே 90-ஐ நம்பி உட்கார முடியாது.

பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் அரிசோனாவின் பியோரியாவில் பயிற்சிக்குக் கூடுவார்கள். மார்ச் கடைசியில் சீசன் தொடங்கும். சியாட்டிலைச் சுற்றி பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தெல் என்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் சனிக்கிழமை காலையில் கையுறையோடு மைதானத்துக்குப் போகிறார்கள். ஊரில் தங்கள் பத்திரிகை படிக்கும் தாத்தா பாட்டிகளுக்குப் பேரன் என்ன ஆடுகிறான் என்று புரிய வேண்டாமா? வாரத்தில் ஒரு நாள், ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கினால் போதும். யார் ஜெயித்தார்கள், யார் பந்து வீசினார்கள், அவ்வளவே.

அதற்கு முன் அந்தத் திருத்தத்தைத் தயவுசெய்து வெளியிடுங்கள். வெளியானால் இல்லத்தின் அலுவலக அறையில் பெரிய எழுத்தில் அச்செடுத்துப் பெரியவரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தமிழ் அவருக்குப் படிக்க வராது. 1977-உம் 30-உம் 1-உம் எண்ணாகப் போட்டிருந்தால் அவருக்குப் புரிந்துவிடும். நோட்டில் அந்தப் பாதிப் பக்கத்துக்கு எதிரே ஒட்டிவைக்கப்போவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ரென்டன், வாஷிங்டன் மாநிலம்