மகனின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு

ஒட்டுசுட்டானுக்கு அங்கால், காட்டுக்கரைக் கிராமமொன்றில் இருந்து எழுதுகிறேன். எங்கள் மகனுக்குத் தலைக்குள் நீர் கட்டியதும் அதை வயிற்றுக்கு வடிக்கக் கொழும்பில் சண்ட் என்ற குழாய் வைத்ததும் கனபேருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது சிலருக்குத்தான் தெரியும். நான் கூடுதலாக நன்றி சொல்ல வேண்டியது அவர்களுக்கே.

எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸில் இருந்து தொடங்குகிறேன். கிளினிக்கில் தலைச் சுற்றளவை அளந்து, புத்தகத்தில் கோடு விறுவிறென்று ஏறுவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். "பெரிய தலை, படிப்பாளி வருவான்" என்று சொந்தக்காரர் கொஞ்சிக்கொண்டிருந்த காலம் அது.

சண்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை நல்லாய்த்தான் இருந்தான். ஒருநாள் சத்தி எடுக்கத் தொடங்கினான். பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் தூங்கினான். அழுகை கீச்சென்று வேறு மாதிரிக் கேட்டது. ஓரிடத்தில் வயிற்றுக் கோளாறு என்று பாணிமருந்து தந்து அனுப்பினார்கள். மிஸ் வந்து உச்சியில் விரலை வைத்தார். இருத்தி வைத்திருந்தபோதும், அழாமல் இருந்தபோதும் உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தது. கருவிழிகள் கீழே இறங்கியிருந்தன. மறுபேச்சில்லாமல் அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அடித்தார். இரவோடிரவாக வந்த அந்த அம்புலன்ஸ் தம்பிமாருக்கும், பிள்ளையை உடனே மேலிடத்துக்கு அனுப்பிய வைத்தியருக்கும் என்ன கைம்மாறு செய்வேன்!

குழாயின் மேல் முனை அடைபட்டிருந்தது. மூளை அறைகளில் நீரைச் சுரக்கும் இழையமே குழாயின் துளைகளுக்குள் வளர்ந்து அடைக்குமாம். சத்திரசிகிச்சை செய்த டொக்டர் ஒரு தாளின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார்: தலையில் இருந்து காதுக்குப் பின்னால் வால்வு, அங்கிருந்து தோலுக்கு அடியால் வயிறு வரை. சிறு பிள்ளைகளில் இரண்டு வருடத்துக்குள் பத்தில் நாலைந்து சண்ட் பழுதாகலாம், அது தாயின் கவனக்குறைவு அல்ல என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிடுகிறேன். கிருமி தொற்றினால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தெரியவரும் என்றும், காய்ச்சலோ குழாய் போகும் வழியில் சிவப்போ கண்டால் பொறுத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஆண்பிள்ளைக்கு விதைப்பை வீங்கினாலும் காட்ட வேண்டுமாம். வயிற்றுக்குள் வடியும் நீர் அங்கும் இறங்குமாம். இதையெல்லாம் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

விடுதியில் பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா தாதியர் சொன்னதைத் தனக்குத் தெரிந்த தமிழில் எனக்கு விளங்கப்படுத்தினார். தன் பிள்ளையின் சோற்றிலும் எனக்குப் பங்கு வைத்தார்.

கண்ணால் காணாத ஒருவருக்கும் நன்றி இருக்கிறது. 1956இல் அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட்டர் என்ற தொழில்நுட்பவியலாளர், தன் மகனுக்கு இதே வருத்தம் வந்ததால் சிலிக்கோன் வால்வு செய்தாராம். டொக்டர் சொல்லக் கேட்டது. அந்தத் தகப்பனை நினைக்காமல் மகனின் காதுப்பக்கம் தடவ முடிவதில்லை.

பக்கத்து வீட்டு மாமி மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பினா, மாட்டுக்கும் தண்ணி வைத்தா. கோயில் பொடியள் காசு சேர்த்தார்கள். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பெயர் சொல்லாமல் அனுப்பியவர்களும் உண்டு. மிஞ்சிய காசைக் கணக்கோடு சனசமூக நிலையத்தில் கொடுத்திருக்கிறோம். இந்த வருத்தத்தோடு கொழும்புக்குப் போகும் அடுத்த பிள்ளையின் வான் செலவுக்கு அதை எடுங்கள். தாய் பயந்துபோயிருந்தால், மிஸ்ஸிடம் சொல்லி என்னைக் கூப்பிடுங்கள். கூட வருவேன்.