வில்சன் சார், டைட்டில்ல உங்க பேரு

அன்புள்ள மைக்கேல் வில்சன் சார்,

நீங்க 1978லயே போய்ட்டீங்க, இதைப் படிக்கப்போறதில்லன்னு தெரியும், இருந்தாலும் நேத்து ராத்திரி ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ மறுபடி பார்த்துட்டு தூக்கம் வரல, அதான் எழுதுறேன்.

இப்ப ஓடுற காப்பில திரைக்கதைன்னு உங்க பேரும் கூட எழுதின கார்ல் ஃபோர்மன் பேரும் வருது. 1957ல ரிலீஸ் ஆனப்ப, கம்யூனிஸ்டுன்னு ஹாலிவுட் உங்களை ஒதுக்கி வச்சிருந்ததால ரெண்டுமே இல்ல. திரைக்கதைக்கான ஆஸ்கார் நாவல் எழுதின பியர் பூலுக்குப் போச்சு. நாவல் அவரோடது தான், யாரு இல்லன்னா? ஆனா இங்கிலீஷ் சரியா வராத பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ்ல திரைக்கதை எழுதினார்னு மொத்த ஹாலிவுட்டும் நம்புற மாதிரி நடிச்சுது பாருங்க, அந்த நடிப்புக்கு முன்னாடி படத்தோட ஹீரோ அலெக் கின்னஸ்லாம் சும்மா.

1951ல கம்யூனிஸ்டுகளைத் தேடின அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை கமிட்டி உங்களைக் கூப்பிட்டு நீ கம்யூனிஸ்டா, கூட யார் யாருன்னு கேட்டப்ப நீங்க வாயே திறக்கல. கட்சில இருந்தவர் தான், அதனால என்ன, யாரையும் காட்டிக் கொடுக்கல. அடுத்த வருஷமே ‘எ பிளேஸ் இன் த சன்’ படத்துக்கு ஆஸ்கார் வாங்குறீங்க, ஆனா எந்த ஸ்டுடியோவும் வேலை தரல. தடைன்னு சட்டம் எதுவும் கிடையாது, போன் வராது, அவ்வளவு தான். 1956ல நீங்க எழுதின ‘ஃபிரண்ட்லி பெர்சுவேஷன்’ படத்துல திரைக்கதை யாருன்னே போடாம விட்டாங்க, ஏதோ அதுவா எழுதிக்கிட்ட மாதிரி!

நீங்க எழுதினதுல எனக்குப் பிடிச்சது ‘சால்ட் ஆஃப் த எர்த்’ தான். நியூ மெக்சிகோ துத்தநாகச் சுரங்கத்துல ஸ்ட்ரைக், ஆம்பளைங்க மறியல் பண்ணக்கூடாதுன்னு கோர்ட் சொன்னதும் பொம்பளைங்க வந்து நிக்கிறாங்க, வீட்ல துணி துவைக்கிறது புருஷன்மாரு. நிஜ தொழிலாளிங்களே நடிச்சாங்க. ஷூட்டிங் முடியறதுக்குள்ள ஹீரோயின் ரொசௌரா ரெவுல்டாஸைப் பிடிச்சு மெக்சிகோவுக்கு அனுப்பிட்டாங்க. படம் வந்தா ஆப்பரேட்டருங்க ரீல் ஓட்ட மாட்டேன்னுட்டாங்க, அவங்களும் யூனியன்காரங்க தான், அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

1984ல அகாடமி தப்பைத் திருத்தி க்வாய் ஆஸ்காரை உங்க ரெண்டு பேருக்கும் குடுத்துச்சு. நீங்க போய் ஆறு வருஷம், ஃபோர்மனும் அந்த வருஷமே போய்ட்டார். யாருக்கு வேணும்?

இவ்வளவு சொல்லிட்டு உங்ககிட்ட ஒரு சண்டையும் போடணும் சார். க்வாய் படத்துல போர்க்கைதிங்க ரயிலுக்காகக் கட்டுற அந்தப் பாலத்தைப் படத்துக்காகக் கட்டினது இலங்கைல, கித்துல்கல பக்கம். சயாம்லேருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரங்க போட்ட நிஜ ரயில் பாதைக்கு 1942, 43ல மலாயா தோட்டத்துலேருந்து எங்க தமிழ்ச் சனத்தை அள்ளிட்டுப் போனாங்க, காலராவிலயும் பட்டினிலயும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டுலயே போய்ட்டாங்க. சயாம் மரண ரயில்னு இன்னைக்கும் மலேசியால சொல்வாங்க. உங்க படத்துல தண்டவாளம் போடுறது பூரா வெள்ளைக்காரக் கைதிங்க தான்.

பேரு விட்டுப்போனா எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க உக்காந்து எழுதிட்டிருந்தப்ப அவங்களைப் பத்தி யாராவது உங்க காதுல போட்டாங்களா, இல்லையா?

இப்படிக்கு,
உங்க ரசிகன் தான், கோவமும் இருக்கு