காட்டுமாடு நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்த விடாதீர்கள்

மதிப்பிற்குரிய வனத்துறை, சுற்றுலாத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் காட்டுமாடு எங்கெல்லாம் இறங்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். தேயிலைக்குள் தனியாக நின்ற காளையைப் படம் எடுக்க நான்கைந்து கார்கள் ரோட்டோரம் நின்றன. ஹாரன் அடித்தார்கள், விசில் அடித்தார்கள். அது தலையைத் தூக்கவில்லை என்று ஒருவர் கல்லை விட்டெறிந்தார். மாடு ரோட்டுப் பக்கம் வரவில்லை. மிரண்டு சரிவில் இறங்கி ஓடியது. அங்கே எங்கள் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பளவு செடிக்குள், முதுகில் கொழுந்து மூட்டையோடு, எங்கே ஓடுவது? ஓர் அக்கா விழுந்து, தோள் எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். பறித்த கிலோவுக்குத்தான் அவருக்குக் காசு. கையைத் தூக்க முடியாதவருக்கு ஏது கிலோ? படம் எடுத்தவர்கள் அதற்குள் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

மாட்டின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆள் தள்ளி இருந்தால் அது பாட்டுக்கு மேயும். பிடிக்கவில்லை என்றால் முன்கூட்டியே காட்டிவிடும். மூக்கால் சீறும், தலையைத் தாழ்த்தும், பக்கவாட்டில் திரும்பித் தன் உடம்பு எவ்வளவு பெரியது என்று காட்டும். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும். அது அப்படித் திரும்பினால் நாங்கள் மெதுவாகப் பின்வாங்கிவிடுவோம். கன்றோடு தாய் நின்றால் பாதையையே மாற்றிக்கொள்வோம். வெளியூர்க்காரருக்கோ, பக்கவாட்டில் திரும்பிய மாடு போஸ் கொடுக்கிறது!

ருவாண்டாவில் மலைக் கொரில்லாவைப் பார்க்க வெளிநாட்டுப் பயணி ஓர் ஆளுக்கு 1,500 டாலர். அதைக் கட்டிய பிறகும் ஒரு குழுவில் 8 பேர்தான், ஒரு மணி நேரம்தான். சளி, இருமல் இருந்தால் கிட்டேயே விடமாட்டார்கள். கொரில்லா மார்பில் அறைந்துகொண்டு பாய்ந்து வந்தாலும் ஓடக் கூடாது; குனிந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் மிரட்டல்தான், ஆனாலும் இத்தனை கட்டுப்பாடு. (காட்டுமாட்டின் முன்னால் யாரையும் குனிந்து உட்காரச் சொல்லவில்லை, தயவுசெய்து.) நம்மூரில் ரோட்டோரம் நின்று மாட்டைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். கோடை விழாவில் பூவைத் தொட்டால் விசில் ஊத ஆள் இருக்கிறது. கொழுந்து பறிக்கிறவளுக்காக ஊதத்தான் ஆள் இல்லை. பூவுக்கு இருக்கிற காவல் எங்களுக்குக் கிடைக்க நாங்களும் தொட்டியில்தான் நிற்க வேண்டுமோ என்னவோ.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். காட்டுமாடு நிற்கும் இடத்தில் வண்டி நிற்கக் கூடாது, ஆள் இறங்கக் கூடாது. மீறினால் அங்கேயே அபராதம் போடுங்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி மேலே வர முடியாது. அந்தப் பாஸிலேயே இதை முதல் வரியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள், சோதனைச் சாவடியில் வாயாலும் ஒருமுறை சொல்லுங்கள். சனி, ஞாயிறுகளில் மாடு வழக்கமாக இறங்கும் வளைவுகளில் மட்டுமாவது ஒரு காவலரை நிறுத்துங்கள். எந்தெந்த வளைவு என்று காட்ட நாங்களே கூட வருகிறோம். ஏப்ரலில் கூட்டம் ஏறுவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர்