பேத்தி கேட்ட கேள்வி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள பழனிச்சாமி,

கடிதம் கிடைத்தது. தென்னையில் வேர் வாடல் உன் தோட்டம் வரைக்கும் வந்துவிட்டது என்று படித்ததும் வெசனமாகிவிட்டது. ஆழியார் நகர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருக்கா கேட்டுவிடு. இங்கே வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று, நடவுக்குத்தான் ஆள் இல்லை.

பேத்தி கேட்டதற்கு வருகிறேன். கிருமி புகுந்த செல்லை டி செல் என்ற வெள்ளை அணு விஷம் வைத்துக் கொல்கிறது, சரி. ஒட்டி நிற்கிற நல்ல செல் எப்படித் தப்புகிறது? கெட்டிக்காரிதான். விஷத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், குறி வைப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பாடப்புத்தகத்தில் செல்லை உருண்டையாக வரைந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கிற புரதங்களான ஆக்டின் இழைகளும் நுண்குழல்களும் ஓயாமல் கட்டுவதும் பிரிப்பதுமாக இருக்கின்றன. டி செல் சுமார் பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, விட்டத்தில் அடங்கிவிடுகிற உருவம். தொற்றுள்ள செல்லைக் கண்டதும் அதன்மேல் அப்பிக்கொள்கிறது. தொட்ட இடத்தில் ஆக்டின் கூடுகிறது; சில நிமிடங்களில் நடுவைக் காலி செய்து ஓரத்தில் வளையமாக ஒதுங்குகிறது. அப்புறம்தான் அதிசயம். நுண்குழல்களெல்லாம் புறப்படுகிற சென்ட்ரோசோம் இருந்த இடத்தை விட்டே கிளம்பி வருகிறது. தொட்ட இடத்துச் சவ்வில் நிற்கும் டைனீன் என்ற மோட்டார் புரதம் நுண்குழல்களைப் பற்றி இழுக்கிறது, அவிநாசித் தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி. சென்ட்ரோசோம் சவ்வைத் தொட்டுக்கொண்டே நிற்பதை கில்லியன் கிரிஃபித்ஸின் ஆய்வுக் குழு 2006இல் காட்டியது.

விஷப் பைகள் நுண்குழல் வழியே சென்ட்ரோசோமை நோக்கி ஓடுகிறவை. அது வாசலிலேயே நிற்பதால் அவையும் வாசலுக்கே வந்துவிடுகின்றன. இரண்டு செல்லுக்கும் நடுவே உள்ள சின்ன இடுக்கில் விஷம் இறங்குகிறது; ஒட்டி நிற்கிற நல்ல செல் தப்புவது இதனால்தான். விஷத்தில் இருக்கிற பெர்ஃபோரின் என்ற புரதம் துளை போடுகிறது. கிரான்சைம் என்ற இன்னொரு புரதம் உள்ளே புகுந்து அந்தச் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்படி செய்கிறது. டி செல் கழன்று அடுத்ததைத் தேடிப் போகிறது.

வந்த பை சவ்வில் சேராவிட்டால் அத்தனையும் வீண். கிரிசெல்லி என்ற அரிய பரம்பரை நோயின் இரண்டாம் வகையில் ராப்27ஏ என்ற ஒரே புரதம் பழுது. பைகள் வாசல்வரை வந்தும் வெளியேறுவதில்லை. முடிக்கு நிறம் சேர்ப்பதற்கும் அதே புரதம்தான் வேண்டும் என்பதால், அந்தக் குழந்தைகளுக்குத் தலைமுடி வெள்ளி நிறமாக இருக்கும்.

துளை போடுகிற டி செல்லுக்கே ஏன் துளை விழவில்லை என்றுதான் அடுத்து கேட்பாள். அதன் சவ்வில் கொழுப்பு நெருக்கமாக அடுக்கியிருப்பதால் பெர்ஃபோரின் சுலபத்தில் ஒட்டாது என்று சொல்லி வை. மிச்சத்தை நேரில் பேசிக்கொள்ளலாம், லீவு விட்டதும் கூட்டிக்கொண்டு வா.

உன்,
சுப்பிரமணியம்