நடுநிலைப் பொருள் ஈர்க்கப்படுவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைவாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பது, அவற்றில் முன்பே நேர் மின்னூட்டம் இருப்பதால்தான் என்று என் மகளின் வழிகாட்டி நூலொன்று கூறுவது பிழை. காகிதத்தில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சம அளவில் உள்ளன; அதாவது அது நடுநிலைப் பொருள். எதிர் மின்னூட்டம் பெற்ற சீப்பு நெருங்கியதும், மூலக்கூறுகளுக்குள் எலக்ட்ரான்கள் இம்மியளவு விலக, சீப்பை நோக்கிய பக்கம் நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் அடைகின்றன. தொலைவு கூடினால் மின்விசை குறையும் என்பதால் (1785-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலோம் அளந்து காட்டியது), அருகிலுள்ள ஈர்ப்பு அப்பாலுள்ள விலக்கத்தை விஞ்சுகிறது. அலுமினியத் தாளிலோ எலக்ட்ரான்கள் தடையின்றி நகரும் என்பதால், இப்பிரிவு இன்னும் வலுவாக நிகழும்.

சென்னைப் புழுக்கத்தில் மின்னூட்டம் கசிந்துவிடும் என்பதால், ஏசி அறையில், எண்ணெய் தடவாத முடியில் வாரிச் செய்துபார்த்தோம். ஒட்டிய துணுக்குகளில் சில, சீப்பின் மின்னூட்டத்தையே வாங்கிக்கொண்டு தெறித்து விழுந்தன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.