மரம் வெட்ட ரேட்டு கேக்குறதுக்கு முன்னாடி கயித்த காட்டச் சொல்லுங்க

செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடு வச்சிருக்க அய்யாமாருக்கும் ஆச்சிமாருக்கும், ஊர்க் கோயில் காரியக்காரங்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைன்னு சுத்தி மரம் ஏறி கெளை கழிக்கிறதும் வெட்டி எறக்குறதும்தான் எங்க வேலை. உங்ககிட்ட இருந்து வர்ற போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்த வாரம் படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற குடும்பக் கும்பிடு) இருக்கு, இல்லன்னா கல்யாணம் இருக்கு, வீட்டோட ரெண்டாங்கட்டு ஓட்டு மேல வேம்பு சாஞ்சு கெடக்கு, எவ்வளவு கேப்பேன்னு சொல்லு, பங்காளிங்க குரூப்ல போடணும். நான் ஒரு ரேட்டு சொல்லுவேன், இன்னொருத்தர் அதுல பாதி சொல்லுவாரு, குரூப்ல சென்னைல இருக்கவரு மலேசியால இருக்கவரு எல்லாரும் கட்டைவிரல் காட்டி பாதி ரேட்டுக்காரருக்கே வேலை போயிடும். போகட்டும், தொழில்ல அது சகஜம். ஆனா அந்தப் பாதி எங்க கொறஞ்சுதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? கூலி கொறையல, டீசல் கொறையல, கொறஞ்சது கயிறும் பெல்ட்டும்தான்.

மொதல்ல கயித்த சொல்றேன். கடைத்தெருவுல நைலான் கயிறுன்னு சொல்லித் தர்ற மஞ்சக் கயிறு, நீலக் கயிறு பெரும்பாலும் நைலானே கெடையாது, பாலிபுரொப்பிலீன். தார்ப்பாய் கட்ட, லோடு கட்ட நல்லாத்தான் இருக்கும், ஆனா வெயில்ல கெடந்தா உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிரும், நம்ம ஊரு வெயில பத்தி உங்களுக்கு சொல்லவே வேணாம். அது உருகுற சூடு 165 டிகிரி கிட்டத்தான், நைலானுக்கு 220க்கு மேல. ஒரு கெளைய கவட்டைல கயித்த போட்டு எறக்கும்போது உரசுற சூட்டுலயே அந்தக் கயிறு மேல பளபளன்னு கண்ணாடி ஓடுன மாதிரி ஆயிடும், அந்த எடத்த தொட்டுப் பாத்தா வெறப்பா இருக்கும், வளைச்சா நரம்பு நரம்பா உடையும். அந்தக் கயித்துலதான் நம்ம ஊர்ல இன்னைக்கும் ஆள் தொங்குறான்.

ஏறுறதுக்குன்னே செய்யிற கயிறு வேற. 11ல இருந்து 13 மில்லி தடிமன், உள்ள ஒரு கரு, மேல பின்னல், இழுத்தா அதிகம் நீளாது. ரெண்டு டன்னுக்கு மேல தாங்குற பலம் இருக்கும். என்னடா 70 கிலோ ஆளுக்கு ரெண்டு டன்னான்னு கேப்பீங்க. முடிச்சு போட்டாலே பலத்துல கால்வாசிக்கு மேல கூட போகும், கொஞ்சம் தொய்வோட விழுந்தா எடை பல மடங்கா அடிக்கும், பழசானா இன்னும் கொறையும், எல்லாம் போக மிச்சம் இருக்கறதுதான் ஆளக் காப்பாத்தறது. அந்தக் கயித்துல கெளைய எறக்கக் கூடாது, கெளை எறக்குன கயித்துல ஆள் ஏறக் கூடாது. ரெண்டும் ஒரே கயிறா ஒரு டீம் வந்தா அத பாத்த ஒடனே நீங்க வேணாம்னு சொல்லிடலாம், அதுக்கு மரத்த பத்தி ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல.

எங்க பசங்க ஒவ்வொரு நாளும் ஏறுறதுக்கு முன்னாடி கயித்த முழுசா கைக்குள்ள விட்டு உருவுவாங்க. கண்ண மூடிக்கிட்டு செஞ்சா இன்னும் நல்லாத் தெரியும். எங்கயாவது உள்ள கரு மெதுமெதுன்னு பள்ளமா பட்டா, பின்னல் பூ பூவா பிரிஞ்சிருந்தா, உருகி வழவழன்னு இருந்தா அந்த எடத்தோட வெட்டித் தள்ளிர வேண்டியதுதான். அழுக்கானா சும்மா பச்சத் தண்ணில அலசி நெழல்ல காயப் போடணும். பெட்ரோல் கேனோட ஒரே சாக்குல போட்டு ஆட்டோவுல ஏத்துறவங்கள பாத்திருக்கேன், பேட்டரிக்குப் பக்கத்துல சுருட்டி வைக்கிறவங்களயும் பாத்திருக்கேன். பேட்டரி ஆசிட் ஆவி பட்டாலே நைலான் போயிரும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது.

அடுத்தது பெல்ட்டு. இதுல நல்ல மனசுள்ள வீட்டுக்காரங்களே தப்பு பண்றாங்க. கட்டடம் கட்டுற எடத்துல இருந்து முதுகுல வளையம் வச்ச பெல்ட்ட வாங்கிட்டு வந்து "தம்பி இத மாட்டிக்கிட்டு ஏறு"ன்னு குடுப்பாங்க. அது ஐ.எஸ். 3521ங்குற இந்தியத் தர முத்திரை இருக்கற ஒரிஜினல் பெல்ட்டாவே இருந்தாலும் அது விழுந்தா பிடிக்கிறதுக்கு, உக்காந்து வேலை பாக்குறதுக்கு இல்ல. மரத்துல வேலை பாக்குறவனுக்கு இடுப்புல ரெண்டு பக்கமும் வளையம் வேணும், முன்னாடி தொங்குறதுக்கு இணைப்பு வேணும், தொடைக்கு அகலமான பட்டை வேணும். முதுகு வளையத்துல தொங்கிக்கிட்டு செயின் சா பிடிக்கவே முடியாது, மயக்கம் போட்டு அப்படியே தொங்குனா தொடைப் பட்டை அழுத்தி ரத்தம் கீழயே தங்கி கொஞ்ச நேரத்துலயே உசுருக்கு ஆபத்தாயிரும். வெறும் இடுப்பு பெல்ட்டு அதவிட மோசம், விழுந்தா வயித்தையும் முதுகெலும்பையும் பதம் பாக்கும். ஒரு எடத்துல கிழிஞ்ச பெல்ட்ட தார்ப்பாய் தைக்கிறவர்கிட்ட குடுத்து கருப்பு நூல்ல தைச்சு மாட்டிக்கிட்டு ஒரு பையன் புளியமரத்துல நிக்கிறான், கீழ வீட்டு வாட்ச்மேன் டீ ஆறுது எறங்குப்பாங்குறாரு. பெல்ட்டு தையல் விட்டுப் போச்சுன்னா அது பெல்ட்டே இல்ல, அவ்வளவுதான். தையல் நல்லா இருந்தாலும் தயாரிச்ச தேதிய பாக்கணும், துணி சாமானுக்கு பெரும்பாலான கம்பெனிங்க அதிகபட்சம் 10 வருஷம்தான் குடுக்குறாங்க, நாள்தோறும் வெயில்ல வேலை பாத்தா அதுக்கு ரொம்ப முன்னாடியே மாத்தணும்.

கயித்தையும் பெல்ட்டையும் இணைக்கிற கொக்கி வாங்கும்போது கொக்கி மேலயே தாங்குற பலம் கிலோ நியூட்டன்ல (kN) அடிச்சிருக்கான்னு பாக்கணும், 22ன்னு இருந்தா சுமாரா 2,200 கிலோ. சாவிக்கொத்துக்கு விக்கிற கொக்கியும் அதே மாதிரிதான் பளபளன்னு இருக்கும். வாய் தானாப் பூட்டிக்கிற கொக்கிதான் மரத்துக்கு வேணும், கெளைல உரசி தெறந்துக்கிற கொக்கி கூடாது. ஹெல்மெட்டுக்கு தாடை வார் கண்டிப்பா வேணும், கட்டட வேலைக்கு சும்மா தலைல கவுத்துற மஞ்சத் தொப்பி அண்ணாந்து பாத்த ஒடனே கீழ போயிடும், மரத்துல இருக்கறவன் பூரா நேரமும் அண்ணாந்துதான் பாப்பான்.

செயின் சா பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும், கஜா புயலுக்கு அப்புறம் 2018 கடைசில இருந்து ஊருக்கு ஊரு ஆளாளுக்கு ஒரு மிஷின் வாங்கி வச்சிருக்காங்க. கீழ வெட்டுற மிஷின் பெருசு, பின்னாடி கைப்பிடி. மேல ஏறுறவனுக்கு மேல்கைப்பிடி வச்ச சின்ன மிஷின் இருக்கு, அதையும் ரெண்டு கைலதான் பிடிக்கணும், ஒத்தக்கைல வெட்டுறது ஸ்டைல்னு நெனைக்கிறவன் கூட நான் வேலை பாக்க மாட்டேன். மிஷின் ஓடும்போது ஆள் ரெண்டு எடத்துல கட்டியிருக்கணும், அதுல ஒண்ணு உள்ள கம்பி ஓடுற வாரா இருந்தா நல்லது, ஏன்னா செயின் தொட்டா கயிறு அறுந்து போறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. (மாமரத்துல முசுறு எறும்புக் கூடு இருந்துச்சுன்னா இந்த ரெண்டு கட்டோட அருமை தெரியும், கடிக்குதுன்னு ரெண்டு கையையும் விட்டு தட்டுவான்.)

செயின் மழுங்குனா சீவல் வராது, மாவா வரும், அப்ப ஆள் அழுத்த ஆரம்பிப்பான், அழுத்துனா செயின் ஓடுற இரும்புப் பட்டையோட மூக்கு மேல்பக்கம் எங்கயாவது பட்டு மிஷின் மூஞ்சிக்கு எகிறும். சின்ன செயினுக்கு 4 மில்லி அரம், அதுக்கு மேலுள்ளதுக்கு 4.8, பெருசுக்கு 5.2 இல்ல 5.5, இத மாத்திப் போட்டுத் தேச்சா பல்லே கெட்டுப் போயிரும். நம்ம வீட்டு மரங்கள்ல இன்னொரு தொல்லை இருக்கு. துணிக் கொடி கட்ட அடிச்ச ஆணி, ஊஞ்சல் மாட்டுன கொக்கி, பழைய லைட்டுக்கு வச்ச பீங்கான் எல்லாம் அப்பச்சி காலத்துல அடிச்சது, மரம் அத முழுங்கி மேல பட்டை மூடியிருக்கும், செயின் போய் மோதும்போதுதான் தெரியும். எங்க கொடி கட்டியிருந்தோம்னு வீட்டுப் பெரிய ஆச்சி ஒரு வார்த்தை சொன்னா எங்களுக்கு ஒரு செயின் மிச்சம். வண்டில இருந்து எறக்குன பழைய எஞ்சின் ஆயில செயினுக்கு ஊத்துறவங்ககிட்ட காரணம் கேட்டா மிச்சம்பாங்க. அது ஒட்டாது, தெறிச்சிடும், உள்ள இரும்புத் தூள் வேற, செயின் ஓடுற பட்டை சீக்கிரம் தேஞ்சு அந்த மிச்சத்துக்கு மேல செலவாயிடும்.

இதெல்லாம் எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னா, உங்க வீடு வேற மாதிரி. வெளியூர்ல காலி எடத்துல நிக்கிற மரத்த சாச்சு விட்டா முடிஞ்சுது. இங்க முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் ஓடு, தளம், நடுவுல முற்றம், மரம் நிக்கிற எடத்துல விழுகுறதுக்கு எடமே கெடையாது. ஒவ்வொரு கெளையா கட்டி, கப்பில போட்டு, கீழ ஒருத்தன் பிரேக் பிடிச்சு மெதுவா எறக்கணும். ஒரு 50 கிலோ துண்டு ஒரு மீட்டர் விழுந்து கயித்த இழுத்தா கயித்துல வர்ற பாரம் 50 கிலோ இல்ல, பல மடங்கு. கப்பி, எறக்குற கயிறு, அது கட்டுற கெளை எல்லாம் அதத் தாங்கணும். நாட்டு ஓடு ஒண்ணு ஒடஞ்சா அதே சைசுல தேடி அலையிற உங்களுக்கு நான் வேற சொல்லணுமா.

அதனால மரத்த நீயே எடுத்துக்க கூலி கேக்காதேங்குற பழக்கத்த விட்ருங்க. வெறகு கணக்கு போட்டு வர்ற ஆளுக்கு மரம் டன்னாத் தெரியும், சீக்கிரம் சாச்சு லாரில ஏத்தத்தான் பாப்பான், கயிறு மாத்துற காசு அந்தக் கணக்குல எங்கயும் வராது. கூலிய தனியா பேசுங்க, வெறக தனியா வில பேசுங்க. ரேட்டு பேசுறதுக்கு முன்னாடி சாமான எறக்கி திண்ணைல வைக்கச் சொல்லுங்க, ஏறுற கயிறு எது எறக்குற கயிறு எதுன்னு கேளுங்க, மேல ஒருத்தனுக்கு ஏதாச்சும் ஆனா எறக்கிக் கொண்டாற ஏறத் தெரிஞ்ச இன்னொரு ஆள் கீழ இருக்கானான்னு கேளுங்க. கேட்டா கோவப்படுற டீம அனுப்பிருங்க. மரத்த காப்பாத்தி கெளை மட்டும் கழிக்கிறதா இருந்தா கால்ல இரும்பு முள்ளு மாட்டி ஏற விடாதீங்க, அது வெட்டித் தள்ளப் போற மரத்துக்கு மட்டும்தான், உசுரோட இருக்கற மரத்துல ஒவ்வொரு குத்தும் ஒரு புண்ணு.

தென்னைக்கு சுருக்கமா. கேரளாவுல செம்பேரில உருவான ஏறுற மிஷின் இப்ப இங்கயும் கெடைக்குது, அதுல கம்பி வடத்துல ஒரு இழை விட்டிருந்தாலும் மாத்தணும், மிஷின் இருக்குன்னு பெல்ட்ட விட்றக் கூடாது. தென்னை ஏறுறவங்களுக்கு தென்னை வளர்ச்சி வாரியத்துல கேர சுரக்ஷான்னு விபத்து இன்சூரன்ஸ் இருக்கு, உங்க தோப்புக்கு வழக்கமா வர்றவருக்கு அது போட்டிருக்கான்னு கேட்டு, இல்லன்னா நீங்களே போட்டுக் குடுங்க.

காரியக்காரங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோயில் மதில்லயும் ஊருணிக் கரைலயும் நிக்கிற மரத்துக்கு வருஷா வருஷம் ஆள் கூப்பிடுறீங்க. ஊருக்குப் பொதுவா ஒரு நல்ல கப்பி, எறக்குற கயிறு, கீழ பிரேக் போடுற சாமான், நாலு ஹெல்மெட்டு வாங்கி நகர விடுதி (நகரத்தாரோட பொது விடுதி) ரூம்ல பூட்டி வச்சா எந்த டீம் வந்தாலும் வாடகைக்குக் குடுக்கலாம், எடுத்தது வச்சது ஒரு நோட்டுல எழுதணும். ஏறுற கயிறையும் பெல்ட்டையும் மட்டும் பொதுவுல வைக்காதீங்க, அது யாரு எப்படி போட்டு வச்சாங்கன்னு தெரியாத சாமான்ல எவனும் நம்பி தொங்க முடியாது, அத ஏறுறவனே சொந்தமா வாங்கி வச்சுக்கணும், அதுக்கு ஏத்த ரேட்ட நீங்க குடுக்கணும்.

அப்புறம் படைப்புக்கு ஒரு வாரம் முன்னாடி கூப்பிடாதீங்க. ஐப்பசி மழைல பட்டை வழுக்கும், கயிறு நனைஞ்சா முடிச்சு சரியா ஓடாது. ஓட்டு மேல சாஞ்சத ஆடி ஆவணிலயே கழிச்சிருங்க, பங்காளிங்க குரூப்ல இப்பவே பேச ஆரம்பிச்சாத்தான் அதுக்குள்ள முடிவுக்கு வருவாங்க.

இப்படிக்கு,
காரைக்குடி பக்கம் மரம் ஏறுற ஒருத்தன்