ஸ்டியரிங் ஆட்டம்: பரிசோதனை விதியை மாற்றுங்கள்

பழங்கால கார் அணிவகுப்பின் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். முன்சக்கரம் நேராக நிற்கையில் ஸ்டியரிங்கில் ஆட்டமே, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் வீல் மட்டும் அசையும் தளர்வே, இருக்கக் கூடாது என்று சொல்லி, சென்ற பரிசோதனையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பினீர்கள். அந்த விதியின் விளைவு இப்போது பட்டறைகளுக்கு வந்து நிற்கிறது.

ஸ்டியரிங் தண்டிலுள்ள திருகுபோன்ற வார்ம் ஒரு பல்சக்கரத்தைத் திருப்பும் வார்ம் கியர் பெட்டியில் பற்கள் ஒரே சீராகத் தேய்வதில்லை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுப் பற்கள் தேய்கின்றன. ஓரப் பற்கள் புதிதுபோலவே இருக்கின்றன. நடுவில் ஆட்டம் ஒழியும்வரை பற்களை நெருக்கிவைக்கும், மையம் விலகிய எக்சென்ட்ரிக் புஷ்ஷைத் திருப்பி இறுக்கினால், முழுத் திருப்பத்தில் பற்கள் கவ்விக்கொள்ளும். முனை திரும்பிய வண்டி தானாக நேருக்கு வராது. வலுவாக இழுத்தால் பல் உடையும். நடுவில் இரண்டு விரல் ஆட்டமுள்ள வண்டியைப் பழகிய கை நேராக ஓட்டிவிடும். திருப்பத்தில் பிடித்துக்கொண்ட ஸ்டியரிங்கை எந்தக் கையாலும் மீட்க முடியாது. பாதுகாப்புக்கென்று போட்ட விதி ஆபத்தைத்தான் உண்டாக்குகிறது.

செய்ய வேண்டியது இது. ஸ்டியரிங் பெட்டியை முன்சக்கரங்களோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெல்லச் சுற்றுங்கள். எங்கே மிகவும் இறுக்கமோ, அங்கே தடையில்லாமல் சுற்றும் அளவுக்குத்தான் சரிசெய்யலாம். நடுவில் மிஞ்சும் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். அது மிக அதிகமென்றால், முழுவட்டப் பல்சக்கரம் உள்ள பெட்டிகளில் அந்தப் பல்சக்கரத்தைக் கழற்றி 90 பாகை திருப்பி மாட்டினால் தேயாத பற்கள் நடுவுக்கு வரும். அதற்கும் முன்பு முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் புஷ், இணைப்புத் தண்டுகளின் பந்து மூட்டுகளைப் பாருங்கள். ஆட்டத்தில் பாதி அங்கேதான் இருக்கும்.

ஃபோர்டு மாடல் டி-யில் வார்மே கிடையாது. ஸ்டியரிங் வீலுக்கு அடியிலேயே மூன்று சிறு பல்சக்கரங்கள். அவற்றை இறுக்க எந்தத் திருகும் இல்லை. அதற்கும் அதே விதியா? அந்த வண்டியில் பயப்பட வேண்டியது வேறு: முழுத் திருப்பத்தில் ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள கையான பிட்மேன் ஆர்மும் டிராக் லிங்க்கும் ஒரே கோட்டுக்கு வந்து தாண்டிவிட்டால் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் பூட்டிக்கொள்ளும். முன் அச்சைப் பிடித்து நிறுத்தும் ரேடியஸ் ராட் வளைந்து கிங் பின்னின் தலை முன்னால் சாய்ந்தாலும் சக்கரம் தானே மடங்கும். இவற்றைக் குனிந்து பார்க்க யாருமில்லை. பெயின்டுக்கும் பித்தளைப் பளபளப்புக்கும் படிவத்தில் பத்தி பத்தியாக இடம், ஸ்டியரிங்குக்கு ஒரே வரி!

அடுத்த அணிவகுப்புக்கு முன் அந்த ஒரு வரியைத் தயவுசெய்து நீக்குங்கள். நடுவிலும் இரு கோடிகளிலும் தனித்தனியாகச் சோதிக்கும் முறையைச் சேர்க்க வேண்டுகிறோம். இறுக்கிய பெட்டிகளுடன் ஏற்கெனவே சான்று பெற்ற வண்டிகளையும் மறுபடி அழைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களைப் பழுதுபார்ப்போர்